நாலாவது கரண்டி

2022 ஏப்ரல். பேலியகொடையில் எங்கட வீட்டில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் யாருடைய வீட்டில்தான் இருந்தது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் போத்தலுக்குள் 120 மில்லிலீற்றர் தண்ணி அளந்து வைத்திருந்தோம். டின்னில் எழுதியிருந்த கணக்குப்படி அதுக்கு நாலு கரண்டி மா போட வேணும். நாங்கள் மூன்று போட்டோம். நாலாவதை அள்ளி, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப டின்னுக்குள்ளேயே தட்டிவிட்டோம். டின்னின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. அடுத்த டின் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. நாங்கள் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இதை இப்ப எழுதுவதற்குக் காரணம், எங்கட வயதில் இருக்கிற கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிள்ளை பெறுகிறார்கள். மாசத்துக்கு ஒருக்காவாவது ஒரு வட்ஸ்அப் மெசேஜ் வருகிறது: "பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எந்த டின் நல்லம்?" நாங்களும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம். அது பிழையான கேள்வி என்று விளங்க எங்களுக்கு நாலு மாசம் பிடித்தது.

மகள் பிறந்தது 2021 நவம்பரில், புதிய களனிப் பாலத்தைத் திறந்த அதே மாசம். முதல் மூன்று மாசமும் தாய்ப்பால் மட்டும். கன்னத்தில் சொரசொரப்பாகச் சிவப்பு, மலத்தில் சிலவேளை சளி மாதிரி. "சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதான்" என்றார்கள், விட்டுவிட்டோம். பிரசவ லீவு 84 வேலை நாட்கள். மார்ச் கடைசியில் திரும்ப வேலைக்குப் போக வேணும். அதனால் பெப்ரவரியில் பழக்குவோம் என்று சாதாரண பால்மா டின் ஒன்று வாங்கினோம். ஒரு கிழமைக்குள் பிள்ளை குடித்ததில் பாதியைச் சத்தியெடுக்கத் தொடங்கினாள். பிறகு ஒருநாள் நாப்கினில் நூல் மாதிரி இரத்தம்.

முதலில் பார்த்த இடத்தில், "பாலில இருக்கிற சீனி செமிக்குதில்லை, லக்டோஸ் இல்லாத மா குடுங்கோ" என்றார்கள். கொடுத்தோம். ரெண்டு டின் முடியும் வரைக்கும் கொடுத்தோம். இரத்தம் நிற்கவில்லை. டின்னில் பெரிய எழுத்தில் "லக்டோஸ் இல்லை" என்று இருந்ததால், குறை எங்களில்தான் என்று நினைத்தோம். போத்தல் சரியாகக் கழுவவில்லையோ, தண்ணி சரியில்லையோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம்.

அந்த ரெண்டு கிழமையும் எங்கட வீடு ஒரு வைத்தியர் மாநாடு மாதிரி இருந்தது. வெள்ளவத்தையில் இருந்து அப்பம்மா ஃபோனில்: "ஆட்டுப்பால் குடுத்துப் பாருங்கோ, நாங்கள் உங்களை அப்பிடித்தான் வளர்த்தனாங்கள்." கொட்டாஞ்சேனையில் இருந்து அம்மம்மா நேரில் வந்தே: "உன்ட பால்தான் சூடு. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாரு மகள்." பக்கத்து வீட்டு அன்ரி சோயாப்பால் என்றார். இன்னொருவர் சோற்றுக் கஞ்சித் தண்ணி என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் "உன்ட பால்தான் சூடு" என்ற சொல் மட்டும் எங்களில் ஒருத்திக்குள் போய் அப்பிடியே இருந்துவிட்டது. அவள் பால் கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். மற்றவர் அதைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அது எங்களுக்கு நோகுது.

கடைசியில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், நெரிசலான கிளினிக்கில், மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். பாலில் சீனியும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. லக்டோஸ் என்பது சீனி. அது செமிக்காவிட்டால் வயிறு ஊதும், வயிற்றோட்டம் வரும், அவ்வளவுதான். எங்கட பிள்ளைக்குப் பிரச்சினை புரதத்தில். கேசீன், வே என்று பாலில் இருக்கிற புரதங்களை அவளுடைய உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. லக்டோஸை எடுத்தாலும் அந்த மாவில் புரதம் அப்படியே இருக்கும். நாங்கள் ரெண்டு டின்னாகக் கொடுத்துக்கொண்டிருந்தது அதே பசுப்பால்தான்.

பிறகு ஒரு மணிமாலையைக் கீறினார். புரதம் என்பது இந்த மாலை. உடம்பு மாலையின் துண்டுகளைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறது. மாலையைப் பொடிப் பொடியாக அறுத்துவிட்டால் அனேகமான பிள்ளைகளின் உடம்புக்கு அடையாளம் தெரியாது. அப்படி நன்றாக உடைத்த புரதத்தில் செய்த மா ஒரு வகை. பசுப்பால் ஒவ்வாமை உள்ள 10 பிள்ளைகளில் 9 பேருக்காவது அது ஒத்துப்போகும். அதுக்கும் உடம்பு சண்டை பிடித்தால், அல்லது நோய் கடுமையாக இருந்தால், மாலையே இல்லாமல் தனி மணிகளால் மட்டும் செய்த மா, அதாவது அமினோ அமில மா. நியோகேட் போன்றவை அந்த வகை. விலை இன்னும் கூட. எடுத்தவுடனே எல்லாருக்கும் அது தேவையில்லை.

புரதத்தை உடைத்த மா ஒன்றும் நேற்று வந்த புதினம் இல்லை. நியூட்ரமிஜன் என்ற பெயரில் 1942இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

வீட்டு மாநாட்டின் தீர்மானங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஆட்டுப்பால்? ஆட்டின் புரதமும் மாட்டின் புரதமும் அண்ணன் தம்பி மாதிரி. பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் அப்படித்தான். சோயா? ஆறு மாசத்துக்கு முதல் வேண்டாம், பிறகும் பத்துப் பேரில் ஒருவருக்காவது அதுவும் ஒத்துவராது. "எச்.ஏ." என்று போட்ட டின்? அது மாலையை ரெண்டு மூன்று துண்டாக மட்டும் வெட்டியது. ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு அது காணாது. கஞ்சித் தண்ணி, தேங்காய்ப்பால்? அதுகளில் ஒவ்வாமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாலு மாசப் பிள்ளை வளர அதில் ஒன்றுமில்லை.

ஆக, நாங்கள் பாமசியில் பார்க்க வேண்டியது டின்னின் முன்பக்கம் இல்லை. பின்பக்கத்தில் புரதம் எந்த அளவுக்கு உடைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி. பெயரும் படமும் எந்த நாடு என்பதும் அதுக்குப் பிறகுதான்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை அன்றைக்கு நாங்கள் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தாய்ப்பாலை நிப்பாட்ட வேண்டாம். அம்மா பால் சாமான் சாப்பிடுறதை நிப்பாட்டினால் போதும்." எங்கட மண்டைக்குள் அப்ப இருந்தது டின் மட்டும்தான். வருத்தத்துக்கு மருந்து டின்னில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

டின் கிடைத்தது. திறந்தோம். நாங்கள் மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆட்கள், மணத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. ஆனால் அந்த மாவின் மணம் வேறு. ருசியும் கசப்பு. உடைத்த புரதம் அப்படித்தான் இருக்குமாம். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம். பிழிந்தெடுத்த தாய்ப்பாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அளவைக் கூட்டிக் கூட்டித்தான் பழக்கினோம். மலம் கரும்பச்சையாகப் போனது. பயந்து ஃபோன் பண்ணினோம், அது அந்த மாவுக்கு வழமை என்றார்கள். பத்து நாளில் இரத்தம் நின்றது. மூன்றாம் கிழமை கன்னம் ஆறியது. இரவில் ஒரேயடியாக நாலு மணித்தியாலம் தூங்கினாள். நாங்கள் தூங்காமல் இருந்து அவள் தூங்குவதைப் பார்த்தோம்.

ஆனால் நாட்டில் நடந்துகொண்டிருந்தது வேறு. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் நின்றது, மே மாசத்தில் 360க்குக் கிட்டப் போனது. சாதாரண முழு ஆடைப் பால்மாவே 400 கிராம் பக்கட் 790 ரூபாய் ஆனது. கடைகளில் பால் தேத்தண்ணி ஆடம்பரச் சாமான் ஆகிவிட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கட டின் அந்தப் பால்மாவை விடப் பல மடங்கு விலை. அதுவும் இறக்குமதி. ஒரு டின்னுக்கும் அடுத்த டின்னுக்கும் இடையில் விலை மாறியது. பிறகு விலையைக் கேட்பதே இல்லை, இருக்கா என்று மட்டும் கேட்போம்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். அந்த வயதில் முழுக்க டின் பாலில் இருக்கிற பிள்ளைக்கு 400 கிராம் டின் மூன்றரை நாளைக்கு மேல் வராது. தாய்ப்பாலைக் குறைத்துக் குறைத்து நாங்கள் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்திருந்தோம். பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. காஸ் கிடைக்காமல் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணி கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தோம். மா டின் என்பது கிருமி இல்லாத சாமான் இல்லை. 70 பாகைக்குக் குறையாத சூட்டுத் தண்ணியில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கரண்டும் இல்லாமல் காஸும் இல்லாமல் அதைச் செய்வது எப்படி என்று அது சொல்வதில்லை.

பேலியகொடை, வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று பாமசி பாமசியாக ஏறி இறங்கினோம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் போட்டோம். அமெரிக்காவில் இருக்கிற ஒரு கூட்டாளி எழுதினாள்: "இங்கயும் இல்லையடி." நாங்கள் நம்பவில்லை. உண்மைதான். குரோனோபக்டர் என்ற கிருமி பற்றிய முறைப்பாடுகளுக்குப் பிறகு, மிச்சிகனில் அபொட் கொம்பனியின் தொழிற்சாலை ஒன்றில் செய்த மா டின்களை 2022 பெப்ரவரி 17ஆம் திகதி திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வாமைப் பிள்ளைகளின் மாவும் இருந்தது. தொழிற்சாலையும் மூடப்பட்டது. மே மாசம் 22ஆம் திகதி ஜெர்மனியில் இருந்து இராணுவ விமானத்தில் அமெரிக்காவுக்குப் பால்மா வந்து இறங்கியது. அந்த முதல் விமானத்தில் வந்தது முழுக்கப் பசுப்பால் ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கான மா. உலகத்தில் பணக்கார நாடு, அதுக்கே விமானம் விட வேண்டி வந்தது. எங்களுக்கு யார் விமானம் விடுவார்கள்?

அந்த நாட்களில் ஒன்றில்தான் நாலாவது கரண்டியைத் திரும்பத் தட்டினோம். ஒருநாள் மட்டும் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. பத்து நாளுக்கு மேல் செய்தோம்.

மே மாச கிளினிக்கில் மகளை நிறுத்தார்கள். மிட்வைஃப் மிஸ் கொப்பியில் புள்ளியை வைத்துக் கோட்டை இழுத்தார். மேலே போய்க்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. சிங்களத்தில், மெதுவாக, ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு தண்ணிக்கு எத்தனை கரண்டி போடுறீங்கள்?" நாலு என்றோம். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களில் ஒருவர் சொன்னார், மூன்று என்று.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். தண்ணி கூடினால் நிறை மட்டும் இல்லை, இரத்தத்தில் உப்பும் குறையும், பிள்ளைக்கு வலிப்புக்கூட வரலாம் என்று விளங்கப்படுத்தினார். கையில் காசு இல்லை, டின் இல்லை என்றால் வந்து சொல்லுங்கோ, தண்ணியைக் கூட்ட வேண்டாம் என்றார். பிறகு தாயைப் பார்த்து, "பால் இன்னும் வருதா?" என்றார். வருது, ஆனால் குறைவு என்றாள். "பிறகேன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டார்.

அம்மம்மா சொன்னதை அவரிடம் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, டொக்டர் சொன்ன அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார். தாய்ப்பாலில் பழுதில்லை. அம்மா குடிக்கிற பால் தேத்தண்ணியின் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலுக்குள் வருகிறது. அதை நிறுத்தினால் சரி.

அன்றைக்குத்தான் எங்கட உண்மையான தேடல் தொடங்கியது, பாமசியில் இல்லை, எங்கட குசினியில். பால் தேத்தண்ணி போய் பிளேன்டீ வந்தது. தயிர், பட்டர், சீஸ் போனது. பிஸ்கட் பக்கட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தோம். அரைவாசிக்கு மேல் பால் திண்மம் என்று இருந்தது. சில மாஜரீனிலும் இருந்தது. பெரிய அதிர்ச்சி திரிபோஷா. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் கிளினிக்கில் கொடுக்கிற சத்துமா. சோளம், சோயாவோடு அதில் பால்மாவும் இருக்கிறது. பிள்ளைக்குச் சத்து வரட்டும் என்று நாங்கள் உருண்டை பிடித்துச் சாப்பிட்டது அது. திரிபோஷா நல்ல சாமான், எங்கட வீட்டுக்கு மட்டும் அந்த நேரம் சரிவரவில்லை.

கல்சியத்துக்குக் குளிசை தந்தார்கள். மிச்சத்துக்கு நெத்தலி. மீன் சந்தை பக்கத்தில் இருப்பதன் பயன் அப்பதான் விளங்கியது. தேங்காய்ப்பாலுக்குத் தடை இல்லை, சொதி தப்பியது. எங்களில் மற்றவரும் வீட்டில் பால் சாமானைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஒருத்தி பிளேன்டீ குடிக்க மற்றவர் பால் தேத்தண்ணி குடிப்பது சரியில்லைத்தானே.

அடிக்கடி மார்பில் போட்டதால் பால் மெல்ல மெல்லக் கூடியது. ஒஃபிசில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் டின், அதுவும் சரியான கரண்டிக் கணக்கில். ஆறு மாசம் முடிய மசித்த சோறும் பருப்பும் தொடங்கினோம். மூன்றரை நாளில் முடிகிற டின் பத்து நாளைத் தாண்டியது. ஜூன் கிளினிக்கில் கோடு திரும்ப ஏறியது. மிஸ் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை எங்கட பக்கம் திருப்பிக் காட்டினார்.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பால் வராத தாய்மார் இருக்கிறார்கள், வேலை விடாத தாய்மார் இருக்கிறார்கள். தாய்ப்பாலில் இருந்தாலும் ஆறாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த டின் மருந்துதான். டின் கொடுக்கிற தாயைப் பாமசி வரிசையில் ஒரு மாதிரிப் பார்ப்பதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். இந்த நாட்டில் பால்மா விளம்பரத்துக்கு எதிரான சட்டக்கோவை 1983இலேயே வந்தது. உலக சுகாதார சபை அதை ஏற்று ரெண்டே வருசத்தில். 2016 கணக்கெடுப்பில் ஆறு மாசத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். அது பெருமைப்பட வேண்டிய விசயம், நாங்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தக் கோவை தடுப்பது கொம்பனிகளின் விளம்பரத்தை. தேவைப்படுகிற தாய்க்குத் தகவல் கொடுப்பதை அது தடுக்கவில்லை, அவளை வெட்கப்படுத்தச் சொல்லவும் இல்லை. எங்களுக்கு அந்தத் தகவல் ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கிடைத்தது. எத்தனை பேருக்கு அதுவும் கிடைக்காது?

மகளுக்கு ஒரு வயதானபோது, டொக்டர் சொல்லி, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் சின்னத் துண்டு கொடுத்துப் பார்த்தோம். ரெண்டாம் நாள் கன்னம் சிவந்தது. விட்டுவிட்டு ஆறு மாசம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். இந்த முறை ஒன்றும் இல்லை. பிறகு கேக், பிறகு பான்கேக், பிறகு தயிர் என்று படி படியாக ஏறினாள். அனேகமான பிள்ளைகள் மூன்றில் இருந்து ஐந்து வயதுக்குள் இதைத் தாண்டிவிடுவார்களாம். எங்கடவள் மூன்று வயதுக்குக் கிட்ட ஒரு கப் பால் முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு, அது தனக்குப் பிடிக்கவில்லை என்றாள்.

இப்ப யாராவது "எந்த டின் நல்லம்?" என்று மெசேஜ் போட்டால் நாங்கள் பெயர் சொல்வதில்லை. திருப்பிக் கேட்கிறோம். பிள்ளைக்கு என்ன நடக்குது? குடித்துச் சில நிமிசத்தில் முகம் வீங்குதா, மூச்சு இழுக்குதா? அப்படி என்றால் மெசேஜ் எழுதாமல் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நாள் கணக்கில் மெல்ல வருகிறதா? அதையும் டொக்டரிடம் காட்டுங்கோ, நாங்கள் டொக்டர்கள் இல்லை. போனால், சீனியா புரதமா என்று கேளுங்கோ. புரதம் எவ்வளவு உடைத்த மா வேணும் என்று கேளுங்கோ. தாய்ப்பால் இன்னும் வருகிறதா? வந்தால் நிப்பாட்ட முதல் ஆரிடமாவது கேளுங்கோ.

கடைசியாக ஒன்று கேட்போம். அதை எழுதும்போது எங்களுக்கு இப்பவும் விரல் தயங்கும். எத்தனை கரண்டி போடுறீங்கள்? குறைத்துப் போடுவதாக இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ. நாங்கள் ஏசமாட்டோம். டின் தேடி உங்களோடு பாமசி பாமசியாக ஏறி இறங்குவோம்.